பாடமும் ப்ராடக்டும்: ஜான் ஆஸ்டர்ஹவுட் போன பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

சாஃப்ட்வேர் இன்ஜினியரா இருந்துக்கிட்டே கிளாஸும் எடுக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு வழக்கமா ரெண்டு அட்வைஸ் கிடைக்கும். ஒண்ணு, பேசாம வேலைய விட்டுட்டு முழுநேர வாத்தியார் ஆயிடு. இன்னொண்ணு, வேலைய கெட்டியா புடிச்சுக்கோ, டீச்சிங்க சனி ஞாயிறு பொழுதுபோக்கா வச்சுக்கோ. ரெண்டுக்கும் அடியில இருக்கறது ஒரே நெனப்புதான், அதாவது இது ரெண்டும் வேற வேற வேலை, ஒண்ணுக்கு குடுக்கற நேரம் இன்னொண்ணுலேந்து புடுங்கினதுன்னு. இந்த நெனப்பு எவ்வளவு தூரம் தாங்குதுன்னு பாக்க ஒரே ஒருத்தரோட கேரியர எடுத்து நோண்டிப் பாக்கலாம். ஜான் ஆஸ்டர்ஹவுட்.

ஏன் இவருன்னா, பேராசிரியரா ஆரம்பிச்சு, 14 வருஷம் கழிச்சு கம்பெனிக்குப் போயி, அப்புறம் ரெண்டு கம்பெனி ஆரம்பிச்சு, திரும்ப யுனிவர்சிட்டிக்கே வந்து உக்காந்தவரு. வழியில எழுதின சாஃப்ட்வேர் நிறைய வெளியில கிடைக்குது, எதை ஏன் செஞ்சாருன்னு அவரே எழுதியும் வச்சிருக்காரு, அதனால காதுவழி வந்த கதைய நம்பி பேச வேண்டியதில்ல. எனக்கு இதுல முக்கியமா படறது ஒண்ணு. ஒவ்வொரு தடவ பக்கம் மாறும்போதும் இந்தப் பக்கத்துல தீராம நின்ன ஒரு பிரச்சனைய மனுஷன் கையோட தூக்கிட்டுப் போறாரு, அதுதான் அந்தப் பக்கத்துல அவரோட பெரிய வேலையா ஆகுது.

முதல் ரவுண்டு

1975ல யேல்ல ஃபிசிக்ஸ் டிகிரி, 1980ல கார்னகி மெலன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டி, அதே வருஷம் பெர்க்லில வாத்தியார் வேலை. அங்க ஸ்டூடண்ட்ஸோட சேர்ந்து சிப் டிசைனுக்கான டூல்ஸ் எழுதறாங்க, மேஜிக்னு ஒண்ணு, கிரிஸ்டல்னு ஒண்ணு. மேஜிக்க இன்னிக்கும் ஓப்பன் சோர்ஸ்ல சிப் டிசைன் பண்றவங்க ஓட்டிட்டுத்தான் இருக்காங்க. இந்த மாதிரி வேலைக்காக 1987ல கம்ப்யூட்டர் துறைக்காரங்க சங்கமான ஏசிஎம் அமைப்போட கிரேஸ் ஹாப்பர் விருதும் கிடைச்சுது.

ஆனா அந்த லேப்ல ஒரு எரிச்சல் ஓடிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு டூலுக்கும் யூசர் கமாண்ட் குடுக்கறதுக்கு ஒரு குட்டி மொழி வேணும். எல்லாருக்கும் கவனம் டூல் மேல, மொழி மேல இல்ல, அதனால ஏதோ ஒப்புக்கு ஒண்ண எழுதி ஒட்டிடுவாங்க. விளைவு என்னன்னா ஒவ்வொரு டூலுக்கும் ஒரு அரைகுறை மொழி, ஒரு டூலுக்கு எழுதினது அடுத்ததுக்கு உதவாது, ஒவ்வொரு தடவையும் முதல்லேந்து ஆரம்பி. ஸ்டூடண்ட் ப்ராஜெக்ட்னா இது சகஜம்தான், செமஸ்டர் முடிஞ்சா கோடையும் மறந்துடுவாங்க. ஆனா கூடவே வருஷக்கணக்கா இருக்கற வாத்தியாருக்கு அதே தப்பு திரும்பத் திரும்ப வர்றது கண்ணுல படும். 1987 கடைசில லீவ் எடுத்துட்டு டிஜிட்டல் எக்விப்மென்ட்டுங்கற (DEC) கம்ப்யூட்டர் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல போயி உக்காந்தப்போ தான் இதுக்கு வழி தோணுது, மொழிய ஒரு தடவ ஒழுங்கா எழுதி லைப்ரரியா வச்சுட்டா எந்த டூல்லயும் சொருகிக்கலாமேன்னு. திரும்பி பெர்க்லி வந்து 1988ல எழுத ஆரம்பிக்கறாரு. அதுதான் டிக்கிள். கூடவே விண்டோ, பட்டன் எல்லாம் போடறதுக்கு டிகே. பைத்தான் கத்துக்கிட்டவங்க டிகின்டர்னு ஒண்ணப் பாத்திருப்பீங்க, அந்தப் பேருல ஒட்டிக்கிட்டு இருக்கறது இந்த டிகே தான்.

1994ல பெர்க்லிய விட்டுட்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போறாரு, டிக்கிள அங்க ஒரு டீம் வச்சு வளக்கறாங்க. 1997ல அதுக்கு ஏசிஎம்மோட சாஃப்ட்வேர் சிஸ்டம் விருது. 1998ல சன்னையும் விட்டுட்டு ஸ்கிரிப்டிக்ஸ்னு கம்பெனி, 2000ல அது அஜூபான்னு பேர் மாறி, அதே வருஷம் இன்டர்வோவன்கிற கம்பெனி அத வாங்கிடுச்சு. 2002ல அடுத்தது, எலக்ட்ரிக் கிளவுட். பெரிய கோட்பேஸ்ல பில்ட், அதாவது எழுதின கோட ஓடற புரோகிராமா மாத்தற வேலை, முடிய மணிக்கணக்காகுதே, அத பல மெஷின்ல பிரிச்சு ஓட்டறதுதான் அவங்க சரக்கு. எது முடிஞ்சப்புறம் எது ஓடணும்னு மேக்ஃபைல்ங்கற ஃபைல்ல எழுதியிருக்கற டிபென்டென்சி பாதி பொய்யா இருக்கும்ங்கறது பில்ட் பக்கம் வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், அதனால எந்த ஸ்டெப் எந்த ஃபைலத் தொடுதுன்னு ஓடும்போதே கவனிச்சு, வரிசை தப்பா ஓடிட்டா அந்த ஸ்டெப்ப மட்டும் திருப்பி ஓட்டுவாங்க. 2008ல மறுபடி வாத்தியார் வேலை, இந்தத் தடவ ஸ்டான்ஃபோர்ட்.

இந்த 14 வருஷ கம்பெனி காலத்த ரெஸ்யூமேல பாத்தா அகடமில ஒரு ஓட்டை மாதிரி தான் தெரியும். பேப்பர் எண்ணிக்கைய வச்சு ஆள அளக்கற எடத்துல இது சாதாரண ரிஸ்க் இல்ல. ஆனா திரும்பி வந்தப்புறம் அவர் பண்ண ரெண்டு வேலையும், ராஃப்ட்ங்கற அல்காரிதமும் சரி, சாஃப்ட்வேர் டிசைனுக்குன்னு எடுத்த கிளாஸும் சரி, ரெண்டு பக்கத்துலயும் இருந்து பாத்த ஆள் கைவண்ணம்னு எனக்குத் தோணுது.

புரியணும்ங்கறத ஸ்பெக்ல எழுதினா என்ன ஆகும்

அஞ்சு சர்வர் இருக்குன்னு வைங்க. எல்லாத்துலயும் ஒரே லாக், அதாவது வந்த கமாண்டெல்லாம் பதியற குறிப்பேடு, ஒரே வரிசைல இருக்கணும், ரெண்டு சர்வர் செத்தாலும் மிச்சம் மூணும் குழப்பமில்லாம வேலைய தொடரணும். இதுக்கு ரொம்ப நாளா இருந்த பதில் லெஸ்லி லாம்போர்ட்டோட பாக்ஸோஸ்ங்கற அல்காரிதம். 1998ல வெளியான பேப்பர், அது புரியலன்னு ஊரே பொலம்பினதால 2001ல அவரே சிம்பிளா இன்னொண்ணு எழுதினாரு. அப்பவும் பொலம்பல் நிக்கல. ஆஸ்டர்ஹவுட்டும் அவரோட பிஎச்டி ஸ்டூடண்ட் டியாகோ ஓங்காரோவும் தங்களோட பேப்பர்லயே ஒத்துக்கறாங்க, எளிமைப்படுத்தின விளக்கம் பலது படிச்சு, தாங்களே மாற்றா ஒரு ப்ரோட்டோகால் டிசைன் பண்ண அப்புறம் தான் பாக்ஸோஸ் முழுசா புரிஞ்சுதாம், அதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சாம். ஸ்டான்ஃபோர்ட்ல சிஸ்டம்ஸ் ஆராய்ச்சி பண்ற ஆளுங்களுக்கே இந்த கதின்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்ஷன் விழுந்து எழுந்து உக்கார்ற இன்ஜினியர் என்ன பண்ணுவாரு.

அதனால ராஃப்ட டிசைன் பண்ணும்போது அவங்க வச்ச முதல் கண்டிஷன் வேகம் இல்ல, அழகு இல்ல, புரியணும். இது மேடைல பேசறதுக்கு நல்லா இருக்கும், ஆனா உண்மைல ஒரு டெக்னிகல் முடிவ இது எப்படி திருப்பிச்சுன்னு பாத்தா தான் விஷயம் தெரியும். ராஃப்ட்ல ஒரு சர்வர் லீடரா இருந்து மத்ததுக்கு வரிசைய சொல்லும், அந்த லீடர் செத்துட்டா புது லீடர தேர்ந்தெடுக்கணும். ரெண்டு மூணு சர்வர் ஒரே நேரத்துல நான்தான் லீடர்னு கெளம்பினா ஓட்டு பிரிஞ்சு யாருக்கும் மெஜாரிட்டி வராது. முதல்ல அவங்க யோசிச்சது ராங்க் சிஸ்டம், ஒவ்வொரு கேண்டிடேட்டுக்கும் ஒரு ராங்க், பெரிய ராங்க் ஆள் வந்தா சின்ன ராங்க் ஆள் ஒதுங்கிக்கணும். பேப்பர்ல கச்சிதமா தெரியும். ஆனா பெரிய ராங்க் ஆள் செத்துட்டா சின்ன ஆள் மறுபடி நிக்கணும், அவர் அவசரப்பட்டு சீக்கிரம் நின்னுட்டா அதுவரைக்கும் நடந்த எலக்ஷன் கெட்டுப்போகும். ஒவ்வொரு ஓட்டைய அடைச்சதும் புது மூலைல இன்னொரு ஓட்டை வந்துட்டே இருந்திருக்கு. கடைசில அத தூக்கிப் போட்டுட்டு ரேண்டம் டைமர் வச்சுட்டாங்க. ஒவ்வொரு சர்வரும், பேப்பர்ல சொன்ன உதாரணப்படி, 150லேந்து 300 மில்லிசெகண்டுக்குள்ள ஏதோ ஒரு நேரம் காத்திருக்கும், யாருக்கு முதல்ல நேரம் முடியுதோ அவங்க நிப்பாங்க, பெரும்பாலும் மத்தவங்க முழிக்கறதுக்குள்ள ஜெயிச்சுடுவாங்க. ஓட்டு பிரிஞ்சா மறுபடி ரேண்டமா காத்திரு, அவ்வளவுதான். இத ஒரு ஃபைனல் இயர் ஸ்டூடண்டுக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம், ராங்க் சிஸ்டத்த சொல்ல உக்காந்தா போர்டு பத்தாது. போர்டு முன்னாடி வருஷக்கணக்கா நின்ன ஆளுக்கு எந்த எடத்துல கிளாஸ் தொலைஞ்சு போகும்னு மூக்குல வேர்க்கும், அந்த உணர்வு இங்க டிசைன் டூலா வேலை செஞ்சிருக்குன்னு தான் நான் படிக்கறேன்.

இதோட நிக்காம டெஸ்டும் வச்சாங்க. ஸ்டான்ஃபோர்ட்லயும் பெர்க்லிலயும் 43 ஸ்டூடண்ட்ஸ், ரெண்டு அல்காரிதத்துக்கும் வீடியோ லெக்சர், ஒவ்வொண்ணுக்கும் 60 மார்க் குவிஸ். பாதிப் பேருக்கு பாக்ஸோஸ் முதல்ல, பாதிப் பேருக்கு ராஃப்ட் முதல்ல. 43ல 33 பேர் ராஃப்ட்ல தான் கூட மார்க் வாங்கினாங்க. சராசரி ராஃப்டுக்கு 25.7, பாக்ஸோஸுக்கு 20.8. இதுல கவனிக்க வேண்டியது, ஜெயிச்ச ராஃப்டுக்கே 60க்கு 25 தான். புரியணும்னே வேண்டிக்கிட்டு டிசைன் பண்ணியும், ஒரு லெக்சர் கேட்டு பாதி மார்க் தேறல, இந்த சப்ஜெக்ட் அவ்வளவு மோசம். சோதனை பண்ணவங்க ராஃப்ட் பக்கத்து ஆளுங்களே, அது ஒரு குறைதான். அத சமன் பண்ணத்தான் 43ல 15 பேர் முன்னாடியே பாக்ஸோஸ் கொஞ்சம் படிச்சவங்கன்னும், பாக்ஸோஸ் வீடியோ 14 சதவீதம் நீளம்னும் சொல்லி, சாதகம் எதிர்ப்பக்கத்துக்கு தான் இருந்துச்சுன்னு வாதாடறாங்க. நம்பறதா வேண்டாமான்னு அவரவர் பாடு. ஆனா சிஸ்டம்ஸ் பேப்பர்ல த்ரூபுட், லேட்டன்சின்னு வேகத்த அளக்கற கிராஃப் போடற எடத்துல குவிஸ் மார்க் போட்டதே எனக்கு துணிச்சலா தான் தெரியுது.

பேப்பர் 2014ல வந்துச்சு. இன்னிக்கு சர்வர் கூட்டத்த மேய்க்கற குபெர்னெட்டீஸ்ங்கற சாஃப்ட்வேர் தன்னோட நிலவரம் மொத்தத்தையும் வச்சிருக்கற எட்சிடி ராஃப்ட்ல தான் ஓடுது, கன்சல், காக்ரோச்டிபி மாதிரி சாஃப்ட்வேரும் அதே. எம்ஐடில டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் கிளாஸ்ல ஸ்டூடண்ட்ஸ் ராஃப்ட கையால எழுதறாங்க. பாடமா எடுக்க வசதியா இருக்கணும்னு செஞ்ச முடிவு தான் அத ப்ரொடக்ஷனுக்கும் கொண்டு போச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது, 2014 காலத்துல இதுக்கான தேவையும் பெருசா கெளம்பிடுச்சு. ஆனா பலரும் தனித்தனியா பல மொழில எழுதி வேலை செய்ய வச்சாங்கங்கறதுக்கு புரிஞ்சுதுங்கறத தவிர வேற காரணம் எனக்கு தெரியல.

கோட எழுதி, திட்டு வாங்கி, திருப்பி எழுதற கிளாஸ்

ராஃப்ட் டீச்சிங்லேந்து இன்ஜினியரிங்குக்கு போன சரக்குன்னா, ஸ்டான்ஃபோர்ட்ல அவர் ஆரம்பிச்ச சிஎஸ் 190ங்கற சாஃப்ட்வேர் டிசைன் கிளாஸ் அதுக்கு நேர் எதிர்த் திசை. அவரோட புகார் இது: கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எல்லாம் சொல்லித் தர்றோம், ஆனா ஒரு பெரிய பிரச்சனைய எப்படி துண்டு துண்டா பிரிக்கறதுங்கற அடிப்படை விஷயத்த யாரும் பாடமா வைக்கறதில்ல. டேவிட் பார்னாஸ் 1972லயே மாட்யூல எப்படி பிரிக்கணும்னு பேப்பர் எழுதிட்டாரு, அத பரீட்சைக்கு படிச்சவங்க இருக்காங்க, பழகினவங்க கம்மி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்கற கதைதான்.

அதனால கிளாஸ்ல லெக்சர் கம்மி. ஸ்டூடண்ட்ஸ் சின்ன டீமா சேர்ந்து ஓரளவு பெரிய ப்ராஜெக்ட் ஒண்ண முதல்லேந்து எழுதணும், அப்புறம் கிளாஸ்லயே வரிவரியா கோட் ரிவ்யூ, அப்புறம் அதே ப்ராஜெக்ட திருத்தி மறுபடி எழுதணும். கட்டுரை எழுதற கிளாஸ்ல டிராஃப்ட் குடுத்து, திருத்தம் வாங்கி, திரும்ப எழுதறோமே அந்த முறைதான்னு அவரே சொல்றாரு. இந்த மூணாவது ஸ்டெப் தான் உயிர். கம்பெனில ரிவ்யூ கமென்ட் வந்தா பெரும்பாலும் அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்னு போயிடும், காலேஜ்ல மார்க் போட்டதும் கோட் குப்பைக்கு போயிடும், ரெண்டு எடத்துலயுமே ஒரு டிசைன கலைச்சு திருப்பிக் கட்டற அனுபவம் லேசுல கிடைக்காது.

ரிவ்யூல என்ன வரும்னு ஒரு உதாரணம். பிரவுசர் சர்வருக்கு அனுப்பற ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்ட வாங்கி ப்ராசஸ் பண்ற ப்ராஜெக்ட். சில டீம்கள் ரெண்டு கிளாஸ் (பாடவேளை இல்ல, கோடோட தனித்தனி துண்டு) எழுதறாங்க, ஒண்ணு நெட்வொர்க்லேந்து ரிக்வெஸ்ட்ட முழுசா ஸ்ட்ரிங்கா படிச்சு வைக்கும், இன்னொண்ணு அந்த ஸ்ட்ரிங்க பார்ஸ் பண்ணும், அதாவது பிரிச்சு அர்த்தம் எடுக்கும். முதல்ல படி, அப்புறம் பிரி, பாத்தா சுத்தமா இருக்கு. ஆனா ரிக்வெஸ்ட் எங்க முடியுதுன்னு தெரியணும்னா உள்ள இருக்கற, நீளம் எவ்வளவுன்னு சொல்ற கன்டென்ட் லெங்த் ஹெடர பாத்தாகணும், அதாவது படிக்கற கிளாஸுக்கே பார்ஸ் பண்ணத் தெரிஞ்சாகணும். ஒரே அறிவு ரெண்டு எடத்துல, ஃபார்மட் மாறினா ரெண்டையும் திருத்தணும். ரெண்டையும் ஒண்ணா போட்டிருந்தா கோடும் சின்னதாகியிருக்கும். வேலை நடக்கற வரிசைய அப்படியே கிளாஸா பிரிச்சுடறது, இந்தப் பழக்கம் ஸ்டூடண்ட்ஸுக்கு மட்டும்னு நெனச்சா உங்க கம்பெனி ரெப்பாசிட்டரிய ஒரு தடவ தெறந்து பாருங்க.

எனக்கு இன்னும் புடிச்சது டிக்கிளோட அன்செட் கமாண்ட். ஒரு வேரியபிள அழிக்கறதுக்கு. இல்லாத வேரியபிள அழின்னு சொன்னா அது எரர் வீசும். எழுதினப்போ நியாயமாத்தான் பட்டுது, இல்லாதத அழிக்க சொன்னா அது பக் தானேன்னு. ஆனா அன்செட்ட ஜனங்க பெரும்பாலும் கூப்பிடறது பாதில நின்ன வேலையோட மிச்சத்த சுத்தம் பண்றதுக்கு, எந்த வேரியபிள் உருவாச்சு எது உருவாகலன்னு அப்ப யாருக்கும் தெரியாது, அதனால எல்லாரும் அன்செட்ட சுத்தி எரர புடிச்சு முழுங்கற கோட எழுதி வச்சாங்க. இந்த கமாண்ட் முடிஞ்சதும் வேரியபிள் இருக்காதுன்னு அர்த்தம் வச்சிருந்தா எரரே பிறந்திருக்காதுன்னு பிற்பாடு சொல்றாரு, டிக்கிள் டிசைன்ல தான் பண்ண பெரிய தப்புகள்ல இதையும் சேத்துக்கறாரு. இத ஸ்லைடு பாத்து சொல்லித் தர முடியாது. ஒரு மொழிய எழுதி, வெளியில விட்டு, ஆயிரக்கணக்கான பேர் அதோட மல்லுக்கட்டறத வருஷக்கணக்கா பாத்திருந்தா தான் இந்த உதாரணமே கைல வரும். கம்பெனி வருஷங்கள் பாடத்திட்டத்துல இப்படித்தான் உள்ள வந்து உக்காருது. கோட வேகமா எழுதித் தள்ளிட்டு அடுத்தவங்க தலைல குப்பைய கட்டிட்டு போற ஆள அவர் சூறாவளின்னு வர்ணிப்பாரு, அந்த ஆள் பக்கத்து சீட்ல ஒரு தடவையாவது உக்காந்திருந்தா தான் அப்படி வர்ணிக்க வரும்.

இதுக்கு விலையும் இருக்கு. ஸ்டூடண்ட்ஸ் எழுதற கோட் முழுசையும் அவரே உக்காந்து படிக்கறாரு, அதனால கிளாஸ்ல சுமார் 20 பேருக்கு மேல எடுக்க முடியாது. லட்சம் பேருக்கு வீடியோ போடற காலத்துல இது தலைகீழ் கணக்கு. 2011ல அதே ஸ்டான்ஃபோர்ட்லேந்து செபாஸ்டியன் த்ரூனும் கூகுள்ல இருந்த பீட்டர் நார்விக்கும் ஏஐ கோர்ஸ ஆன்லைன்ல விட்டப்போ 1,60,000 பேர் பதிஞ்சாங்க. அந்த வழி தகவல கொண்டு சேர்க்கும், ஒருத்தரோட டிசைன் புத்திய திருத்தாது. ஆள் கம்மியா இருந்ததுக்கு மாற்றா, முதல் மூணு தடவ கிளாஸ் எடுத்ததுலேந்து கிடைச்சத 2018ல புத்தகமா போட்டுட்டாரு, அது கிளாஸுக்கு வரவே முடியாத இன்ஜினியர்ஸ்கிட்ட போயிடுச்சு.

அதுல இருக்கறதெல்லாம் வேதவாக்குன்னு யாரும் எடுத்துக்கல, எடுத்துக்கவும் கூடாது. ஃபங்ஷன் எவ்வளவு சின்னதா இருக்கணும், கமென்ட் எழுதணுமா, டெஸ்ட்ட முதல்ல எழுதணுமா இதுலல்லாம் கிளீன் கோட் புத்தகம் எழுதின ராபர்ட் மார்ட்டினுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம், ரெண்டு பேரும் எழுத்துலயே நீளமா வாதம் பண்ணி அத பொதுவுல வச்சிருக்காங்க. நான் கமென்ட் விஷயத்துல ஆஸ்டர்ஹவுட் பக்கம்.

இத காப்பி அடிக்க முடியுமா

முடியாது. நேரா சொல்லிடறேன். நல்ல யுனிவர்சிட்டி பிஎச்டி, 25, 26 வயசுலயே பெர்க்லில வேலை, சரியான காலத்துல சரியான எடம், 14 வருஷம் வெளியில இருந்துட்டு வந்தாலும் கதவத் தெறந்து விடற அளவுக்கு பேரு. இந்த வரிசைல ஒண்ணு இல்லன்னாலும் கதை வேற. அதுவும் நமக்குத் தெரியறது ஜெயிச்சவரோட கதை மட்டும், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நின்னு ரெண்டுலயும் வழுக்கினவங்க கதைய யாரும் எழுதி வைக்கறதில்ல.

வேற வரிசைல போனவங்களும் இருக்காங்க. பிரையன் கெர்னிகன் 1969லேந்து 2000 வரைக்கும் பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடம், அதுக்கப்புறம் தான் பிரின்ஸ்டன்ல முழுநேர வாத்தியார், ஆனா சொல்லித் தர்ற வேலைய அவர் லேப்ல இருக்கும்போதே ஆரம்பிச்சுட்டாரு, கூட வேலை பாக்கறவங்களுக்காக பி மொழிக்கும் சி மொழிக்கும் டியூட்டோரியல் எழுதி. புரோகிராமிங் கத்துக்கறவங்க முதல்ல எழுதற ஹலோ வேர்ல்ட் வந்தது அந்த மாதிரி உள்வீட்டு டியூட்டோரியல்லேந்து தான். 1996ல ஹார்வர்ட்ல ஒரு டெர்ம் சிஎஸ் 50ங்கற அறிமுக கோர்ஸ் எடுத்துப் பாத்திருக்காரு. 2022ல, 80 வயசுல, தான் 1977ல கூட்டா எழுதின ஆக் (AWK) மொழிக்கு, எல்லா மொழி எழுத்தையும் கையாள்ற யூனிகோட் சப்போர்ட் சேத்தாரு, வாத்தியார் ஆனதால கை நிக்கல. கிரேஸ் ஹாப்பர் இதுக்கு தலைகீழ், வாஸர் கல்லூரில கணக்கு டீச்சரா இருந்தவங்க, 1943ல கடற்படை ரிசர்வ்ல சேர்ந்து, அடுத்த வருஷம் மார்க் 1ங்கற கம்ப்யூட்டர் முன்னாடி போயி உக்காந்து, 1952ல கோட மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர் வரைக்கும் போனாங்க, அப்பவும் டீச்சர் புத்தி போகல, நானோசெகண்ட்னா எவ்வளவுன்னு காட்ட ஒரு அடிக்கு கொஞ்சம் கம்மியா கம்பி வெட்டி கைல குடுப்பாங்க, மின்சாரம் அந்த நேரத்துல அவ்வளவு தூரம் தான் போகும்னு. சி++ மொழிய உருவாக்கின பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 2014லேந்து 2022 வரைக்கும் மார்கன் ஸ்டான்லி பேங்க்ல வேலை, கூடவே கொலம்பியால விசிட்டிங் ப்ரொஃபசர், ரெண்டும் ஒரே நேரத்துல. 

ஆஸ்டர்ஹவுட் இப்பவும் கோட் எழுதறாரான்னு கேட்டா, எழுதறாரு. டேட்டாசென்டருக்கான ஹோமாங்கற நெட்வொர்க் ப்ரோட்டோகால லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல எழுதின 2021 பேப்பர்ல ஆசிரியர் பேர் ஒண்ணே ஒண்ணு, அவரோடது மட்டும். 2024லேந்து அத கெர்னல்ல சேக்கச் சொல்லி பேட்ச் அனுப்பறதும், மெயின்டெய்னர்ஸ் சொல்ற குறைய திருத்தி அடுத்த வெர்ஷன் அனுப்பறதுமா இருந்திருக்காரு.

பிஎச்டி இல்லாத, வேலைய விட முடியாத இன்ஜினியர் இதுலேந்து எத எடுக்கறதுங்கறது தான் மிச்சம். எனக்கு தோணறது, லெக்சர் எடுக்க வாய்ப்பு கேட்காதீங்க, கோட் ரிவ்யூ பண்ண வாய்ப்பு கேளுங்க. காலேஜ்ல கெஸ்ட் லெக்சர் குடுங்கன்னு கூப்பிட்டா ஒரு மணி நேரம் இண்டஸ்ட்ரி ட்ரெண்ட் பத்தி பேசி கைதட்டு வாங்கிட்டு வர்றது சுலபம், அதுல ஸ்டூடண்டுக்கும் ஒண்ணும் ஏறாது, உங்களுக்கும் ஒண்ணும் திரும்பி வராது. அதுக்கு பதிலா ஒரு செமஸ்டருக்கு ரெண்டு மூணு ப்ராஜெக்ட் டீமோட கோட படிச்சு, உக்காந்து பேசி, திருத்தின வெர்ஷனையும் திரும்பப் படிக்கறேன்னு சொல்லிப் பாருங்க. காலேஜ் கதவே தெறக்கலன்னா ஆபீஸ்லயே புதுசா சேர்றவங்களுக்கு ஆன்போர்டிங் இருக்கும், அது பெரும்பாலும் யாரும் விரும்பாத அனாதை வேலை, கேட்டா உடனே குடுத்துடுவாங்க. உங்க சிஸ்டத்த புதுசா வந்தவருக்கு விளக்கும்போது எந்த எடத்துல வரலாற்று காரணம்னு சொல்லி நழுவறீங்களோ, அந்த எடத்த குறிச்சு வச்சுக்கோங்க, ராங்க் சிஸ்டம் மாதிரி ஏதோ ஒண்ணு அங்க ஒளிஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

வெளியில வாலன்டியரா போகணும்னா சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி மாதிரி அமைப்பு இருக்கு, 1998ல கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் ஆராய்ச்சியாளர்களுக்கு புரோகிராமிங் சொல்லித் தர ஆரம்பிச்சது. சொல்லித் தர்றவங்களுக்கே அங்க ட்ரெயினிங் உண்டு. ஸ்லைட விட்டுட்டு எல்லார் முன்னாடியும் நேரடியா டைப் பண்ணணும், டைப் பண்ணும்போது வர்ற தப்ப மறைக்காம திருத்திக் காட்டணும், ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு கலர் ஸ்டிக்கி நோட் வச்சிருப்பாங்க, முடிச்சாச்சுன்னா ஒரு கலர், மாட்டிக்கிட்டேன்னா இன்னொண்ணு, லேப்டாப் மேல ஒட்டிடுவாங்க. கை தூக்க கூச்சப்படறவங்கள புடிக்க இதவிட மலிவான டெக்னாலஜி இல்ல.

எத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் வேலைக்கு சேர்ந்தப்போ கையெழுத்து போட்ட அக்ரிமென்ட எடுத்துப் படிங்க. வெளிவேலைக்கு அனுமதி வாங்கணும்னு ஒரு ஷரத்து இருக்கலாம், நீங்க எழுதறதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு இன்னொண்ணும் இருக்கலாம், அப்படின்னா நீங்க ராத்திரி உக்காந்து தயார் பண்ண நோட்ஸும் அதுல மாட்டும். மேனேஜர்கிட்ட வாயால சொல்லி சரின்னு வாங்கறது பத்தாது, மெயில்ல வாங்கிக்கோங்க, மேனேஜர் மாறுவாங்க. உதாரணத்துக்கு ஆபீஸ் கோட கிளாஸ்ல காட்டவே கூடாது, பேர மாத்திட்டேன்னு சொன்னாலும். அதே தப்ப உள்ள வச்சு சின்னதா புதுசா எழுதிக்கறது தான் வழி, அன்செட் உதாரணமே பத்து வரிக்குள்ள அடங்கிடுது பாருங்க.